பக்கத்துல வந்துட்டேன்

சாப்பாடு வந்துவிட்டது, ஆள் இன்னும் வரவில்லை. எங்கள் வீட்டில் இப்போதெல்லாம் இப்படித்தான். போன வாரம் ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கதவைத் தட்டுகிறார்களே என்று பதறிக்கொண்டு போய்த் திறந்தால், ஹெல்மெட் போட்ட ஓர் ஆள் காகிதப் பையை நீட்டிவிட்டு, வண்டியைக்கூட அணைக்காமல் போய்விட்டார். பதறியது எதற்கு என்று கேட்காதீர்கள். கதவு தட்டினால் பதறுவது, தட்டாவிட்டால் ஏன் இன்னும் யாரும் தட்டவில்லை என்று பதறுவது, இரண்டும் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

பையில் களி. மகன் பெங்களூர்ப் பக்கம் ஓர் ஆபீஸுக்குத் தினமும் போய் வருகிறான். அங்கே உட்கார்ந்தபடியே போனில் தட்டி அனுப்பியிருக்கிறான். என் அம்மாவுக்குக் களி தின்ன ஆசை என்று எப்போதோ அவன் காதில் விழுந்ததாம். ஓசூரில் இப்போது களிக்கென்றே கடைகள் இருக்கின்றன. ‘ராகி முத்தை’ என்று தமிழிலும் கன்னடத்திலும் போர்டு போட்டு, வாசலில் கார் நிறுத்த இடமும் விட்டிருக்கிறார்கள். சில்வர் தாளைப் பிரித்தேன். உருண்டைக்கு மேல் வியர்த்திருந்தது. தோல் கட்டியிருந்தது. விரலால் அமுக்கினால் குழி விழவில்லை. வாசனை மட்டும் எங்கேயோ உள்ளே கொஞ்சம் மிச்சம் இருந்தது. மழையின் முதல் தூறல் விழுந்த மண்ணை அடுப்பில் வாட்டினால் எப்படி இருக்கும், அந்த வாசனை.

அம்மா எட்டிப் பார்த்தாள். “இத எப்பக் கிண்டினானுங்களோ. உங்க ஆயா பாத்திருந்தா மாட்டுக்குக்கூடப் போட்டிருக்காது” என்றாள். சொல்லிவிட்டு அவளே வாயை மூடிக்கொண்டாள். ஆயாவையும் களியையும் சேர்த்து எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை.

களியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சோறு காத்திருக்கும். ஆறினால் சுட வைக்கலாம், தண்ணீர் ஊற்றி வைக்கலாம், மறுநாள் காலையில் கரைத்துக் குடிக்கலாம். களிக்கு அந்தப் பொறுமை கிடையாது. அடுப்பிலிருந்து இறக்கி, கட்டையால் கிண்டி, ஈரக் கையால் உருட்டித் தட்டில் போட்ட உடனே தின்ன வேண்டும். விரல் சுட வேண்டும். அதனால்தான் ஆயா களி கிண்டுவதில் ஒரு சட்டம் வைத்திருந்தது. வீட்டில் இருக்கிறவர்களில் கடைசி ஆள் வாசலில் கால் வைக்கும்போதுதான் கொதிக்கிற உலையில் மாவு விழும். அதுவரைக்கும் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கும்.

ஆயா என்பது அப்பாவைப் பெற்றவள். ஞானம்மா என்று பெயர். பாரூர் ஏரிக்குக் கீழே, கால்வாய் ஓரத்தில் இருக்கிற ஊர்களில் நடவும் களையுமாக வளர்ந்த உடம்பு. ஊரெல்லாம் நெல் விளையும். ஆனால் நடுகிறவர்கள் வீட்டில் பண்டிகைக்குத்தான் நெல்லுச் சோறு, மற்ற நாளெல்லாம் களி. எங்களுடையது கோயில் ஊர், அதாவது மாதா கோயில். விளக்கு வைத்ததும் வீட்டுக்கு வீடு செபமாலை சொல்கிற சத்தம் கேட்கும். ஒரு வீட்டில் ஆரம்பித்ததை அடுத்த வீட்டில் முடித்த மாதிரி இருக்கும் என்று அப்பா சொல்வார். நான் அதைக் கேட்டதில்லை. எனக்கு விவரம் தெரியும்போது நாங்கள் ஓசூருக்கு வந்துவிட்டோம்.

தாத்தாவையும் நான் பார்த்ததில்லை. அவர் போன கதையை ஆயா ஒரே ஒரு முறைதான் என்னிடம் சொன்னது, அதுவும் அழாமல். ஒரு நாள் சாயங்காலம் மடை திறந்துவிட்டு வருகிறேன் என்று போனாராம். நேரமாகிவிட்டது. பிள்ளைகள் பசி என்று அழுதன. ஆயா களி கிண்டிப் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு, ஆறிவிடுமே என்று தானும் ஓர் உருண்டையைத் தின்றுவிட்டது. வழக்கம்போல் எங்கேயாவது பேசிக்கொண்டு நிற்பார் என்று நினைத்ததாம். விடிந்த பிறகு மதகுக்குப் பக்கத்தில் எடுத்தார்கள்.

“நான் வாயில உருண்டைய வெச்சுக்கிட்டிருந்த நேரத்துல அவரு தண்ணிக்குள்ள இருந்தாரு, கண்ணு. எனக்குத் தொண்டையில எறங்குச்சு பாரு.”

அன்றைக்கு மாதாவுக்கு ஒரு நேர்ச்சை வைத்தது. வீட்டை விட்டு வெளியே போனவர்கள் எல்லாரும் வீடு வந்து சேராமல் ராச்சாப்பாடு தொடுவதில்லை. ஊரில் அது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. பொழுது சாய்ந்தால் ஆளும் ஆடும் வீட்டுக்கு வந்துவிடும். செபமாலை, பிறகு களி, பிறகு தூக்கம். நேர்ச்சை ஒரு பக்கம் இருக்க, வயிறும் ஒரு பக்கம் நிறைந்துகொண்டிருந்தது.

ஓசூரில் ஷிப்ட் இருந்தது. ஆயாவின் மாதாவுக்கு ஷிப்ட் பற்றித் தெரிந்திருக்க நியாயமில்லை.

அப்பாவுக்கு இரும்பு வார்க்கும் கம்பெனியில் வேலை. சித்தப்பா, அப்பாவுக்கு ஒரே தம்பி, சின்னப்பன் என்று பெயர், அவருக்கு எல்லையைத் தாண்டிச் சந்தாபுரா பக்கத்தில் இரும்புத் தகடு அடிக்கிற ஒரு பிரஸ் கம்பெனியில் வேலை. மூக்கண்டப்பள்ளியில் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். வரிசையாக ஒரே மாதிரிக் கதவுகள், பொதுவில் ஒரு குழாய். அப்பா காலை ஷிப்ட் என்றால் சித்தப்பா மத்தியான ஷிப்ட். இந்த வாரம் இவர், அடுத்த வாரம் அவர். எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற நேரம் என்று ஒன்றைக் கண்டுபிடிப்பதற்கே ஆயா தலையைச் சொறிந்தது. கடைசியில் அதுவே ஒரு தீர்ப்பும் சொல்லிக்கொண்டது. நைட் ஷிப்டுக்குச் சாப்பிட்டுவிட்டுப் போகிறவனுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, அவன் போகும்போதே தின்றுவிட்டான். மற்றவர்கள் கணக்கில் உண்டு. மத்தியான ஷிப்ட் முடிந்து வருகிற ஆள் எந்நேரம் வந்தாலும் அந்நேரம்தான் களி.

நாங்களெல்லாம் முன்னாலேயே தின்றுவிடலாம், அதற்கு ஆயா தடை சொல்லாது. எங்களுக்குச் சோறு. களி கடைசியில் வருகிறவருக்கும் ஆயாவுக்கும் மட்டும். அதுவரைக்கும் உலை கொதிக்கும். வற்றினால் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றும். மறுபடி வற்றும், மறுபடி ஊற்றும். கேஸ் அடுப்பு வந்த பிறகு அம்மாவுக்கும் ஆயாவுக்கும் இதில்தான் சண்டை.

“ஊருல எல்லாரு வூட்லயும் சோறு சமைப்பாங்க. எங்க மாமியா தண்ணிய சமைக்குது” என்று அம்மா குழாயடியில் சொல்வாள்.

அதைக் கேட்டுச் சிரிக்கிறவள் பக்கத்து வீட்டு ரத்னம்மா அக்கா. தளிப் பக்கத்துக் கன்னடக்காரி, எங்களோடு பேசிப் பேசித் தமிழும் வரும். கன்னடக்காரர்கள் பார்த்ததும் சாப்பிட்டாயிற்றா என்றுதான் கேட்பார்கள், நாம் சௌக்கியமா என்று கேட்கிற மாதிரி. தினமும் இருட்டுகிற நேரத்தில் ரத்னம்மா அக்கா எங்கள் கதவுப் பக்கம் தலையை நீட்டி, “அஜ்ஜி, ஊட்டா ஆய்த்தா?” என்று கேட்கும்.

“இன்னும் ஆவலம்மா. பெரியவன் வரணும்.”

இல்லாவிட்டால், “சின்னவன் வரணும்.” நான் கம்பெனிக்குப் போக ஆரம்பித்த பிறகு, “குட்டி வரணும்.” இந்த மூன்று பதிலைத் தவிர வேறு பதில் ஆயா சொல்லி நான் கேட்டதில்லை.

அப்பா ஒரு முறை ஆயாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சாமியாரிடமே விட்டார். நேர்ச்சையை மாற்றிக் கொடுக்க அவருக்கு அதிகாரம் உண்டாம். சாமியார் வயதில் சின்னவர். வயதானவர்கள் பசியோடு இருக்கக் கூடாது, அதற்குப் பதில் தினம் கூட ஒரு செபம் சொன்னால் போதும் என்று நல்ல விதமாகச் சொன்னார். ஆயா கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டியது. வெளியே வந்ததும், “சாமி நல்ல புள்ளதான். ஆனா நான் சொன்னது அவருகிட்டயா? மாதாகிட்ட. அது வந்து சொல்லட்டும், பாத்துக்கலாம்” என்றது. அன்றிலிருந்து நேர்ச்சையும் தொடர்ந்தது, சாமியார் சொன்ன கூடுதல் செபமும் சேர்ந்துகொண்டது.

அந்தச் செபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்ளறை மூலையில் ஒரு பலகை, அதன் மேல் மாதா படம், ஒரு சின்னச் சிவப்பு பல்பு. அதற்கு முன்னால் சுவரில் சாய்ந்து, காலை மடக்கி, தலையைக் குனிந்து உட்காரும். மர மணிகள் ஒவ்வொன்றாக விரலில் நகரும். உதடு மட்டும் அசையும். செபமாலையில் இருக்கிறவர்களைக் கூப்பிடக் கூடாது, தொடக் கூடாது, குறுக்கே நடக்கக் கூடாது. இது ஆயா எங்களுக்குப் போட்ட கட்டளைகளில் முதலாவது. முடிகிற நேரத்தில் மட்டும் சத்தமாக ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி வேண்டும். “பெரியவனக் கொதிக்கிற இரும்புகிட்டயிருந்து காப்பாத்து தாயே. சின்னவன் வெரலக் காப்பாத்து. அவன் கூட வேல செய்யற புள்ளைங்க வெரலயும் காப்பாத்து.” மற்ற ஊர்களில் கை, கால், ஆயுசு, படிப்பு என்று வேண்டுவார்கள். எங்கள் பக்கத்தில் விரல். பிரஸ் கம்பெனிக்குப் போகிறவர்கள் வீட்டில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

ஒரு நாள் சித்தப்பா கட்டோடு வந்தார். இடது கை நடுவிரலின் நுனி போய்விட்டது. ஆயா கட்டைப் பார்த்தது, முத்தம் கொடுத்தது, பிறகு ஒரே கேள்வி கேட்டது.

“அந்த நுனிய என்னாடா பண்ணாங்க?”

கடைசி நாளில் உயிர்த்து எழும்பும்போது பிள்ளை முழுசாக எழும்ப வேண்டுமே என்று அதற்குக் கவலை. சித்தப்பா கண்ணைக்கூடச் சிமிட்டாமல், “கம்பெனியில மரத்தடியில பொதைச்சிட்டாங்கம்மா, சிலுவ போட்டு” என்றார். ஆயா மூச்சு விட்டது. குப்பை வாளியோடு போனதைச் சித்தப்பா பிற்பாடு அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் கேட்டேன். சித்தப்பா அப்படித்தான். ஆயா முகம் வாடும் என்றால் எந்தப் பொய்யும் அவர் வாயில் வெல்லமாகக் கரையும்.

நான் ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன். யாரும் நிறுத்தவில்லை, பரீட்சை நிறுத்தியது. கேள்வித்தாளைப் பார்த்தாலே எனக்குக் காய்ச்சல் வரும், நிஜக் காய்ச்சல், தொட்டுப் பார்த்தால் சுடும். வண்டிகளுக்குள் போகிற வயர்களை நிறம் பார்த்து அடுக்கி டேப் சுற்றுகிற கம்பெனியில் சேர்ந்தேன். அங்கே போயும் நிம்மதி இல்லை. பச்சைக்குப் பதில் நீலத்தைக் கட்டிவிட்டேனோ, அந்த வண்டி இப்போது கிருஷ்ணகிரி மேம்பாலத்தில் நின்றுபோயிருக்குமோ, பின்னால் வருகிற லாரிக்குப் பிரேக் பிடிக்குமோ என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன். ஆயாவிடம் சொல்வேன். ஆயா என் தலையைத் தடவி, “நீ கவலப்படு கண்ணு. நான் செபம் பண்றேன். ரெண்டுல ஒண்ணாவது வேல செய்யாமப் போயிருமா?” என்று சிரிக்கும்.

ஆயாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்தது அந்த நாட்களில்தான். அப்பாவின் கம்பெனியில் குடும்பத்தாருக்கெல்லாம் இலவசமாகப் பார்த்தார்கள், அதில் மாட்டிக்கொண்டது. மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர் அப்பாவிடம் அழுத்திச் சொன்னார். மாத்திரை போட்டால் சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது. அப்பா அதை வீட்டில் வந்து சொன்னார். ஆயாவுக்கு அது புரியாமல் இல்லை. மகன் வாங்கிக்கொடுத்த மாத்திரையை விடவும் மனசில்லை, நேர்ச்சையை விடவும் மனசில்லை. அதனால் வீட்டில் ஒரு வழி பண்ணினோம். கடைசி ஆள் பக்கத்தில் வந்தபிறகுதான் ஆயா மாத்திரை போடும். அவர் வாசலுக்கு வருவதற்கும் மாவு விழுவதற்கும் களி ஆவதற்கும் சரியாக இருக்கும்.

அப்போது எங்களிடம் செல்போன் வந்துவிட்டது. வீட்டில் ஒன்று, சித்தப்பாவிடம் ஒன்று. அப்பாவும் நானும் கூட வேலை செய்கிறவர்களிடம் வாங்கிப் பேசுவோம். யார் வர வேண்டுமோ அவர் போன் பண்ணிப் “பக்கத்துல வந்துட்டேன்” என்று சொல்ல வேண்டும். அதுதான் ஏற்பாடு.

இங்கேதான் எங்கள் குடும்பத்து வழக்கம் ஒன்று உள்ளே நுழைந்துகொண்டது. யாரும் பேசி வைத்துக்கொண்டதில்லை. எங்களுக்காக ஒரு கிழவி பசியோடு உட்கார்ந்திருக்கிறது என்றால், இன்னும் தூரத்தில் இருக்கிறேன் என்று சொல்ல யாருக்கு நாக்கு வரும்? கம்பெனி வாசலிலிருந்து கிளம்பும்போதே அப்பா, பெட்ரோல் பங்க் வந்துட்டேன் என்பார். நான் பஸ் ஏறியதுமே தெருமுனை என்பேன். சித்தப்பா எல்லையில் வண்டிகள் நகராமல் நிற்கும்போது ஜூஜூவாடி தாண்டிட்டேன் என்பார். பெரிய வித்தியாசம் வராது. கொஞ்சம் ஓட்டமாக வந்தால் சரிக்கட்டிவிடலாம். ஆயா சில நாள் அடுப்பு முன்னால் வேர்த்துக் கொட்டி உட்கார்ந்திருக்கும். “அடுப்புக் காங்க” என்று முந்தானையால் துடைத்துக்கொள்ளும். நாங்களும் அடுப்புக் காங்கை என்றே நினைத்தோம். நாங்கள் யாரும் எப்போதும் தூரத்தில் இருந்ததில்லை. எல்லாரும் எப்போதும் பக்கத்தில்தான் இருந்தோம்.

அந்த வருஷமும் தண்ணீர்த் தகராறு. அந்தப் பக்கம் பந்த். இந்த எல்லையில் இருக்கிறவர்களுக்கு இது பழக்கம்தான். நம் பஸ் ஜூஜூவாடியில் நின்றுவிடும், அவர்கள் பஸ் அத்திப்பள்ளியில் நின்றுவிடும், நடுவில் இருக்கிற ரோட்டில் மூட்டையும் குழந்தையுமாக ஜனங்கள் நடந்து கடப்பார்கள். வேலை உண்டு என்று கம்பெனியில் சொல்லிவிட்டதால் சித்தப்பா விடியற்காலையிலேயே போயிருந்தார். மத்தியானம் வர வேண்டியவர் வரவில்லை. ரோட்டில் டயர் எரிக்கிறார்கள் என்றார்கள். தமிழ் நம்பர் லாரியின் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள் என்றார்கள். எனக்கு அன்றைக்கு வாரவிடுமுறை. கேட்க வேண்டுமா? சித்தப்பாவின் மண்டை உடைந்துவிட்டது, ஜேபியில் இருக்கிற ஓசூர் விலாசம் போட்ட கம்பெனி அட்டையைப் பார்த்துவிட்டார்கள், போலீஸ் பிடித்துக்கொண்டது என்று என் மனசு ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே இருந்தது. அம்மா கதவுக்கும் தெருமுனைக்குமாக நடந்தாள். அப்பா ஜூஜூவாடிக்கே போய் நின்றுகொண்டார், வருகிறவர்கள் முகத்தைப் பார்க்க. ரத்னம்மா அக்காவின் முகம் அன்றைக்குச் சின்னதாகிவிட்டது. அதனுடைய ஜனங்கள் செய்கிறார்கள் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று அது வெளியே வரவே தயங்கியது.

பொழுது சாயும்போது சித்தப்பா போன் வந்தது. ஆயாவே எடுத்தது.

“எங்கடா இருக்கிற?”

“பக்கத்துல வந்துட்டேம்மா. அத்திப்பள்ளி தாண்டிட்டேன். அண்ணன் நிக்கிறது தெரியுது. நீ மாத்திரயப் போடு.”

இவ்வளவுதான். போன் அணைந்துவிட்டது. சார்ஜ் தீர்ந்திருக்கிறது.

அப்போது அவர் அத்திப்பள்ளியில் இல்லை. அண்ணன் எல்லையில் வந்து நிற்பார் என்பதும் அவர் ஊகம்தான். சந்தாபுராவையே தாண்டவில்லை. மூடிக் கிடந்த ஒரு கடையின் படிக்கட்டில், ஷட்டர் நிழலில், இன்னும் நாலைந்து பேரோடு உட்கார்ந்திருந்தார்.

ஆயா மாத்திரையைப் போட்டது. உலையை வைத்தது. “வந்துட்டான், வந்துட்டான்” என்று எங்களுக்குச் சொல்லிவிட்டு, களி கிண்டுகிற கட்டையைக் கழுவி அடுப்புப் பக்கத்தில் சாத்தி வைத்துவிட்டு, நன்றி சொல்லுகிற மாதிரி மாதா முன்னால் போய் உட்கார்ந்தது. நானும் அம்மாவும் தெருமுனைக்கு ஓடினோம். வரவில்லை. இருட்டிக்கொண்டு வந்தது. வரவில்லை. வீட்டுக்குள் ஒரு முறை வந்து சித்தப்பாவுக்குப் போன் போட்டுப் பார்த்தேன், அவர் போன் அணைந்தே கிடந்தது. உள்ளறையை எட்டிப் பார்த்தேன். சிவப்பு பல்பின் வெளிச்சத்தில் ஆயா சுவரில் சாய்ந்து, தலையைக் குனிந்து, மடியில் செபமாலையோடு இருந்தது. சின்னவனுக்காகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது, தொந்தரவு பண்ணக் கூடாது என்று கால் சத்தம் கேட்காமல் வெளியே வந்துவிட்டேன். எனக்குப் பிறகு அம்மாவும் அப்படியே பார்த்துவிட்டு அப்படியே வந்தாள். எங்களை அப்படித்தான் வளர்த்திருந்தது.

முதலில் வந்தது வாடை. வெறும் பாத்திரம் காய்கிற வாடை. சோறு அடிப்பிடித்தால் ஒரு வாடை, பால் தீய்ந்தால் ஒரு வாடை. இது அதெல்லாம் இல்லை. உள்ளே ஒன்றுமே இல்லாமல் அலுமினியம் மட்டும் எரிகிற வாடை. அம்மா தெருவிலேயே நின்றுவிட்டாள்.

“அத்த என்னிக்கும் ஒலைய வத்த விட்டதில்லையே” என்றாள் என்னிடம், மெதுவாக. பிறகு ஓடினாள்.

“அத்த, தண்ணி வத்திப்போச்சு பாருங்க, அத்த” என்று கத்திக்கொண்டே போனவள், உள்ளறைக்குள் போய்த் தொட்டாள். செபமாலையில் இருக்கிறவர்களைத் தொடக் கூடாது. தொட்டாள். புடவையெல்லாம் நனைந்து சில்லென்று இருந்தது. உதடு அசையவில்லை. மணி நகரவில்லை. எவ்வளவு நேரமாக நகரவில்லை என்று யாருக்குத் தெரியும்?

ரத்னம்மா அக்காதான் ஓடி வந்து வாயில் சர்க்கரையைப் போட்டது. அது ஓரமாக வழிந்தது. அதன் வீட்டுக்காரர் ஆட்டோ எடுத்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர், சர்க்கரை ரொம்ப இறங்கிவிட்டது, ரொம்ப நேரம் அப்படியே இருந்திருக்கிறது, மூளை தாங்கவில்லை என்றார். அப்பா, “சாப்புடாம இருந்ததாலயா சார்?” என்று கேட்டார். “மாத்திரையப் போட்டுட்டு சாப்பிடாம இருந்ததால” என்றார் டாக்டர்.

சித்தப்பா ஊர்ப் பாதைகளில் சுற்றி நடந்து வந்து சேர்ந்தபோது வீடு திறந்து கிடந்திருக்கிறது. அறுந்த செருப்பைக் கையில் வைத்திருந்தாராம். உள்ளே ரத்னம்மா அக்கா மட்டும் கரிந்த பாத்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அழுதுகொண்டே அது அவரிடம் சொன்ன முதல் வார்த்தை, “அஜ்ஜி ஊட்டா மாடில்லப்பா.” அஜ்ஜி இன்னும் சாப்பிடவில்லை.

ஆயா கண் திறக்கவில்லை. இரண்டு நாள் அப்படியே கிடந்தது. இரண்டாம் நாள் மூக்கு வழியாகக் குழாய் போட்டு, கஞ்சி மாதிரி ஒன்றைக் கொடுக்க நர்ஸ் வந்தாள். அப்பா கட்டிலுக்குக் கால்மாட்டில் நின்றார். நான் ஜன்னல் பக்கம். நர்ஸ் குழாயின் மூடியைத் திறந்தபோது, அத்தனை வருஷம் தண்ணீரைச் சமைக்கிறாள் என்று குழாயடியில் நின்று பேசிய என் அம்மா, நர்ஸின் கையைப் பிடித்தாள்.

“சிஸ்டர், ஒரு நிமிசம். எங்க கொழுந்தனாரு கீழ மருந்து வாங்கப் போயிருக்காரு. வந்துரட்டும்.”

“அவரு வந்து என்ன பண்ணப்போறாரு? எனக்கு இன்னும் எத்தனை பேஷண்ட் இருக்காங்க தெரியுமா?”

“வந்துரட்டும் சிஸ்டர். எல்லாரும் வந்தாத்தான் இது சாப்புடும்.”

நர்ஸ் எங்கள் முகங்களைப் பார்த்தாள். என்ன தோன்றியதோ, பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சித்தப்பா மாடிப்படி ஏறி, மருந்துப் பையோடு உள்ளே வந்தார். எல்லாரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்து வாசலிலேயே நின்றார். அம்மா அவரைக் கையைப் பிடித்து இழுத்துக் கட்டில் பக்கத்தில் நிறுத்தினாள். ஆயாவின் காதுக்கிட்டே குனிந்தாள்.

“அத்த, சின்னவரு வந்துட்டாரு. எல்லாரும் வந்துட்டோம். சாப்புடுங்க.”

சித்தப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். நுனி இல்லாத விரலோடு ஆயாவின் காலைப் பிடித்துக்கொண்டு அவர் போட்ட சத்தத்துக்கு அடுத்த கட்டிலில் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். கஞ்சி குழாயில் இறங்கியது. ஆயா கடைசியாகச் சாப்பிட்டது அதைத்தான்.

பாரூருக்குக் கொண்டுபோய்த் தாத்தாவுக்குப் பக்கத்தில் வைத்தோம். திரும்பி வரும்போதுதான் ஒன்று எனக்கு உறைத்தது. ஒவ்வொரு நாளும் அத்தனை பெயர்களைச் சொல்லி வேண்டிய ஆயா தன் பெயரை ஒரு நாளும் சொன்னதில்லை. நாங்களும் சொன்னதில்லை. நீ கவலைப்படு, நான் செபம் பண்ணுகிறேன் என்றதே, அன்றைக்கு இரண்டும் சரியாகத்தான் வேலை செய்தன. சித்தப்பாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

பாத்திரத்தை அம்மா தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். அடியில் இருந்த கறுப்பு வட்டம் போகவில்லை. கொஞ்ச நாள் அதிலேயே தண்ணீர் பிடித்து வைத்தோம். பிறகு பழைய பாத்திரம் வாங்குகிறவரிடம் போய்விட்டது. லைன் வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். ரத்னம்மா அக்கா தளிக்கே போய்விட்டது. போன இடத்தில் யாரைப் பார்த்து ஊட்டா ஆய்த்தா என்று கேட்கிறதோ. அப்பாவும் இல்லை. சித்தப்பா உள்ளூரிலேயே வேறு பக்கம் இருக்கிறார். அவரிடம் போனில் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால், இருக்கிற இடத்தை அப்படியே சொல்வார். “சந்தாபுரா சிக்னலு. எடது பக்கம் டயர் கடை. முன்னால ஒரு தண்ணி லாரி நிக்குது. வர நேரமாவும்.” அவர் பிள்ளைகள் இதைச் சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள். காரணம் அவர்களுக்குத் தெரியாது.

அம்மாவுக்கும் இப்போது சர்க்கரை. அதே மாதிரி மாத்திரை. போட்ட கையோடு தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று கேட்க மாட்டாள். கேட்கக் கூடாது என்று தனக்குத்தானே கட்டளை போட்டுக்கொண்டவள் மாதிரி, சுவரைப் பார்த்தபடி தின்பாள். எங்கள் வீட்டில் எல்லாரிடமும் ஒரு சாவி இருக்கிறது. அவரவருக்கு எடுத்து வைத்தது ஹாட்பாக்ஸில் இருக்கும். எந்நேரம் வந்தாலும் யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. மாதா படம் இருக்கிறது, பல்பும் எரிகிறது. செபமாலையை நான் தனியாகச் சொல்கிறேன், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கொஞ்சம் சத்தமாகவே.

அன்றைக்கு அந்தக் கல்லுக் களியை வெந்நீர் தெளித்து, பிட்டுப் போட்டு அம்மாவுக்குக் கொடுத்தேன். இரண்டு வாய் தின்றுவிட்டு, போதும் என்றாள். மிச்சத்தை நான் தின்றேன். தொண்டையில் மெதுவாகத்தான் இறங்கியது. தட்டைக் கழுவப் போகும்போது போன் அடித்தது. மகன்.

“அம்மா, களி வந்துச்சா? நல்லா இருந்துச்சா?”

“வந்துச்சுப்பா. நீ எங்க இருக்கற?”

“பக்கத்துல வந்துட்டேம்மா.”

அவனுக்கு யாரும் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவனுடைய சத்தத்துக்குப் பின்னால் ஒரு கண்டக்டர், பொம்மசந்திரா, பொம்மசந்திரா என்று கூவுவது எனக்குத் தெளிவாகக் கேட்டது. பொம்மசந்திரா சந்தாபுராவுக்கும் அந்தப் பக்கம்.

“சரிப்பா, பாத்து வா” என்றேன். தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.